இரண்டாம் இரவுப் படங்கள்

சர்வேயருக்கு வானத்தில் பதினோரு சிறுகோள்கள் சொந்தம். அதாவது, பதினோரு அறிக்கைகளில் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, பூமியின் மறுபக்கத்து மலைமேல் இருந்த தொலைநோக்கிக்குக் கட்டளை அனுப்புவார். அங்கே அப்போது இருட்டு. வந்து சேரும் நான்கு படங்களைக் கணினி மாற்றி மாற்றிக் காட்டும். விண்மீன்கள் அசையாது, சிறுகோள் மட்டும் இம்மி நகரும். அந்த இம்மியைப் பிடிப்பவள் அவர் மனைவி. ஆயத்த ஆடை ஆலையில் செக்கராக இருபது வருடம் பிசிறு தேடிய கண்.

"இதோ, உங்க ஆளு நழுவுறான்," என்பாள், வெங்காயம் உரித்தபடியே. "பேரப் போட்டுக்குங்க."

"உன் பேரப் போடட்டா?"

"எனக்கெதுக்கு? கரண்ட் பில்லு என் பேர்லதான வருது, போதும்."

பன்னிரண்டாவதை ஒரு திங்கட்கிழமை பிடித்தாள். புதிதென்று ஏற்க இன்னொரு இரவின் படமும் வேண்டும். ஒரு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் ஆள் தொலைந்த மாதிரிதான். இந்த முறை அவள் பெயர்தான் என்று அவளிடம் சொல்லாமலே முடிவுகட்டி, வெள்ளிக்கிழமைக்குத் தொலைநோக்கியைப் பதிவு செய்தார். புதன்கிழமை அவளுக்கு மாரடைப்பு. வியாழன் எல்லாம் முடிந்தது.

வெள்ளி காலை அவர் கணினியைத் திறந்ததும் மச்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்காவ அனுப்பி ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள விளையாட்டா அத்தான்?"

"அவ பேர்ல ஒண்ணு பதியணும்மா. இன்னிக்கு விட்டா கிடைக்காது."

மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

படங்கள் வந்தன. கணக்குப்படி அது இருக்க வேண்டிய மூலையை அவர் பெரிதாக்கினார். மணலைக் கொட்டினாற்போல் புள்ளிகள்.

"எல்லாம் நின்ன இடத்துலயே நிக்குது அத்தான்."

"நல்லாப் பாரும்மா. அவ ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவா."

"அக்கா கண்ணு எனக்கிருந்தா நானும் ஆலைக்குப் போயிருப்பேனே."

மதியச் சோறு ஆறிப்போனது. ஒன்று நகர்ந்தது போலிருக்கும். மறுபடி பார்த்தால் நகர்ந்திருக்காது. நாலு மணிக்கு மச்சினி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"ஏதோ ஒரு புள்ளியக் காட்டி எழுதிடுங்களேன். யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பிசிறோட ஒண்ணையும் அவ பாஸ் பண்ணினதில்லம்மா."

முடிவு என்ற இடத்தில் 'தென்படவில்லை' என்று அடித்தார். 'பார்த்தவர்' கட்டத்தில் காலையிலேயே அடித்து வைத்திருந்த அவள் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். காணத் தவறியவள் அவளல்லவே. அங்கே தன் பெயரை அடித்தார். அந்தக் கட்டத்துக்கு அது பொருந்தியது அன்றுதான்.