சிறுகுறிஞ்சான் இருக்கும் இடம்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்தது நாலு, அக்கா விட்டுப்போனது ரெண்டு, ஆறையும் நான்தான் வளர்த்தேன். நாங்கள் இருளர். செடிகொடி விஷயத்தில் என்னை ஏமாற்றினவன் ஒரே ஒருத்தன்தான்.

அவன் பல வருஷம் முன்னால் வந்து, சிறுகுறிஞ்சான் கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டான். சர்க்கரை நோய்க்கு மருந்தாச்சே, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மறு வாரமே கோணிப்பையோடு ஆட்கள் வந்து வேரோடு பிடுங்கிப் போனார்கள். நாங்கள் எங்கள் சாமி கன்னியம்மாவிடம் கேட்காமல் ஓர் இலைகூடக் கிள்ளமாட்டோம். வேரைத் தொடவே மாட்டோம்.

அப்புறம் நாங்கள் பொம்பளைங்க ஆறு பேர் தூரத்துக் காட்டிலிருந்து தண்டு கொண்டுவந்து, பால் கவரில் மண் போட்டுத் துளிர்க்க வைத்துக் கரையில் நட்டோம். மூணு மழை பார்த்துவிட்டது, நல்லாப் படர்ந்திருக்கிறது. எந்த ஏரி என்று சொல்லமாட்டேன். பூந்தமல்லிக்கு மேற்கே எத்தனையோ ஏரி.

போன மாசம் ஒரு அம்மாவும் கண்ணாடி போட்ட ஓர் ஆளும் வந்தார்கள். அழிகிற செடியைக் காப்பாற்றுகிறார்களாம். இடத்தைக் காட்டினால் செல்போனில் குறித்துக்கொள்வார்களாம். உட்காருங்கள் என்று பாயைப் போட்டேன்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது, சர்க்கரை மண்ணாட்டம் இருக்கும். நான் வேலியிலிருந்து கோவை இலையைப் பறித்து, இதுதான் அது என்று ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். மென்றதும் ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாம்மா, அப்படியே மண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் தயங்கி, "எனக்கு இனிக்குதேம்மா" என்றார்.

பக்கத்து ஊட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கினு உள்ளே ஓடினாள். அவர்கள் போனதும் வந்து, "கோவ எலைக்கே சக்கரை மண்ணாப் பூடுச்சாக்கா? இன்னும் ரெண்டு குட்த்திருந்தா கல்லாவே பூட்டிருக்கும்" என்றாள்.

போகும்முன் அவர்களுக்கு நிஜக் கன்று ரெண்டு கொடுத்தேன். உங்கள் இடத்தில் நட்டு, பூ விட்டதும் வாங்க, அப்புறம் கரையைப் பார்க்கலாம் என்றேன். எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அந்த அம்மா, கரை கிட்டத்திலேயா தூரமா என்று கேட்டார். கண்ணாடிக்காரரைக்கூட நான் இன்னும் நம்பவில்லை.

எழுத்துக் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். பேத்தி, இதை ஒருதரம் எனக்குப் படித்துக் காட்டு. ஏரிக்குப் போகிற வழி எங்கேயாவது வாய் தவறி வந்திருந்தால் அடித்துவிடு.