வளையத்துக்கு வெளியே வந்த ஓநாய்

சாலமன் ஆற்றுக்கு வடக்கே குடியேறியவர்களில் ஓர்ஃபா டீஸ்டேல் மாதிரி ஒருத்தி கிடையாது. முயல் புழுக்கை கிடந்தாலும் சரி, எறும்புப் புற்று தெரிந்தாலும் சரி, உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். "அடுப்புல பீன்ஸ் கருகுது, நீ சாணியைக் கிளறிட்டு இருக்கியே" என்று அவள் கணவன் ஏமஸ் தலையில் அடித்துக்கொள்வான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஓநாய் பதினோரு ஆடுகளையும் ஒரு கன்றுக்குட்டியையும் கொன்றுபோட்டதாக ஊரெல்லாம் பேச்சு. சுற்றுவட்டாரமே கூடி, வீட்டுக்கு ஒரு ஆளாக நாலு பக்கமும் வளைத்து நின்று நடுவை நோக்கி விரட்டிப் போகும் வளைய வேட்டைக்கு முடிவெடுத்தது. ஏமஸோ கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து, ஒடிந்த காலில் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஓர்ஃபா தடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேட்டைக்குத் தலைவன் லைனஸ் டாக்கெட். போரில் சார்ஜண்டாக இருந்தவன்.

"ஏம்மா, இது பொம்பளை நிக்கிற இடமா?"

"இடம் காலியா இருந்தா ஓநாய் அதையெல்லாம் பாக்காதுண்ணே, போயிட்டே இருக்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்கெட் வேறு வழியில்லாமல் அவளை வடக்கு வரிசையில் நிறுத்தினான்.

வளையம் சுருங்கும்போது ஒருவரை ஒருவர் சுட்டுவிடுவார்கள் என்பதால் துப்பாக்கி கூடாது, தடியும், தட்டிச் சத்தம் போடத் தகரமும்தான். காலையில் கொம்பு ஊதினார்கள். முந்தின ராத்திரி விழுந்த புதுப் பனியில் முந்நூறு பேர் கத்திக்கொண்டே உள்ளே நடந்தார்கள். மதியம் நடுவில் போய்ச் சேர்ந்தபோது அகப்பட்டவை நாற்பது ஐம்பது முயல்கள், இரண்டு குள்ளநரிகள், போன மாதம் காணாமல் போன டாக்கெட்டின் பெண்பன்றி.

"சார்ஜண்ட், உங்க ஓநாய் நல்லா கொழுத்திருக்கே!" என்று பன்றியைக் காட்டி ஒருவன் கத்தினான்.

டாக்கெட்டின் காது சிவந்தது. "வடக்கு வரிசையில ஓட்டை. பொம்பளையை நிறுத்தினா இப்படித்தான்."

ஓர்ஃபாவுக்குச் சுருக்கென்றது. தான் நடந்த தடத்திலேயே திரும்பிப் போனாள். கால் மைல் தாண்டியதும் நின்றாள். அவளுடைய பூட்ஸ் தடத்தின் மேல் ஒரு பெரிய பாதம் பதிந்திருந்தது. அடுத்த தடத்திலும் அதேதான். நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில், அவள் கால் வைத்த இடமெல்லாம் அதுவும் கால் வைத்திருந்தது. ஒரு மேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. பனி உருகி வட்டமாக இருந்தது, வால் பெருக்கிய கோடும் தெரிந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. எங்கிருந்து வந்தது இது? தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனாள். வளையத்துக்கு வெளியே, ஓடைப் பக்கமிருந்து வந்திருக்கிறது. வரிசையை எங்கேயும் தாண்டவே இல்லை. வளையத்துக்குள் அது இருந்ததே கிடையாது.

டாக்கெட்டை இழுத்துவந்து காட்டினாள். அவன் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தான்.

"சத்தம் கேட்டு வேடிக்கை பாக்க வந்திருக்குண்ணே."

"நான் அப்படிச் சொன்னது தப்பும்மா."

"அதை விடுங்க. அடுத்த தடவை வளையத்துக்குப் பின்னால நாலு குதிரைக்காரங்களைப் போடுங்க."

இரண்டு வாரம் கழித்து அப்படியே செய்தார்கள். பின்னாலேயே வந்த ஓநாயைக் குதிரைக்காரர்கள் ஓடைக்குள் மடக்கிக் கொன்றார்கள். ஊர் ஆர்ப்பரித்தது. ஓர்ஃபா அதன் வாயைத் திறந்து பார்த்தாள். கிழட்டுப் பெண் ஓநாய். பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. முன்காலில், எப்போதோ பொறியில் சிக்கிய பழைய காயம். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு ஒரு கன்றையே கொன்றிருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

ஏப்ரலில் மறுபடி இரண்டு ஆடுகள் செத்தன. கொம்பை எடுத்தவனை டாக்கெட் தடுத்தான். "இருப்பா. முதல்ல ஓர்ஃபாவைக் கூட்டிட்டு வா."

செத்த ஆடுகளைச் சுற்றிச் சேற்றில் தடம் அங்கும் இங்கும் அலைந்து, விளையாடி, வட்டமடித்திருந்தது. ஓநாய் அப்படி நடக்காது. தடம் போய் நின்றது டாக்கெட்டின் முற்றத்தில், அவனுடைய வேட்டைநாய் படுத்திருந்த இடத்தில். ஓர்ஃபா அந்த நாயைப் பார்த்தாள். ஆடுகளைக் கொன்றது எது என்று டாக்கெட்டுக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் டாக்கெட் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: "குளிர்காலத்துல இருந்து ஆடு செத்தவங்க எல்லாரும் என் மந்தைக்கு வாங்க. ஆட்டுக்கு ஆடு பிடிச்சிட்டுப் போங்க."