மணிக்கட்டு ஆடாத சிப்

கோல்ஃப் பந்தைத் தூரமாக அடிப்பதில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் குழி இருக்கும் கிரீனுக்குக் கொஞ்சம் வெளியே, புல்லில் கிடக்கும் பந்தைக் குழிக்கருகே மெல்ல எடுத்துப்போடும் சின்ன அடியில்தான். அதற்குச் சிப் என்று பெயர். சின்ன அடிதானே என்பவர்கள் ஒருமுறை வந்து நின்று பார்க்கட்டும். ஒன்று, என் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். இல்லையென்றால் கிரீனைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள் போய்விடும்.

அந்த வருடப் போட்டிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜர், பெரியதுரை, என்னைத் தன் ஜோடியாகப் போட்டிருந்தார். ஊவா மாகாணத் தோட்டங்களின் துரைமார் கூடும் பழைய கிளப்பில், ஒன்பது குழி மைதானத்தில் ஆட்டம். ஜோடியில் இருவரும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கவேண்டும். நான் பிழைவிட்டால் அவர் சுமக்கவேண்டும். மடுல்சீமைப் பக்கம் அவருக்குக் கீழே சின்னதுரையாக வந்து எனக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சந்தோஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பூனாகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். ஏ.எல். பரீட்சை எழுதிய பிறகு ஒன்றரை வருடம் அப்பாவோடு சேர்ந்து தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டியவன். பெரியதுரைக்கு இது தெரியும், என் பைலில் இருக்கிறது. கிளப்பில் வேறு யாருக்கும் தெரியாது. அங்கே கை குலுக்கியதும் கேட்பது எந்தக் காலேஜ் என்றுதான்; எந்தப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று அர்த்தம். இதுவரை எப்படியோ நழுவி வந்திருந்தேன். எல்லோரும் பார்க்க நாலு தடவை தரையைக் கொத்தினால், இவன் எங்கிருந்து வந்தவன் என்று பேச்சு கிளம்பும்.

மாலைகளில் பங்களாவுக்குப் பின்னால் பழகினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள்.

"சின்னதொர புல்லு வெட்டுறாரா, கெழங்கு தோண்டுறாரா?" என்றாள் ஒருத்தி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே.

எரிச்சலாக வந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை என்பதால் இன்னும் வந்தது.

என் மனைவி ஃபோனில் படம்பிடித்தாள். பதுளை டவுனில் வளர்ந்தவள், பள்ளிக்கூட டீச்சர். சிவப்புப் பேனா இல்லாமலே பிழை கண்டுபிடிப்பாள். மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்க. கடைசில கைய மேல சுண்டுறீங்க. எதுக்கு அது?"

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது கவாத்துக் கத்தியின் வெட்டு. தேயிலைக் கிளையைக் கீழிருந்து மேலாக, சாய்வாக, ஒரே சுண்டில் வெட்டவேண்டும். சாய்ந்திருந்தால்தான் வெட்டில் மழைத்தண்ணீர் நிற்காது. இரண்டாம் வெட்டுக்குப் போனால் கிளை பிளந்துவிடும். ஆயிரக்கணக்கான செடிகளில் அதைச் செய்து பழகிய மணிக்கட்டு, பந்தைக் கிளப்பவேண்டும் என்று நான் நினைத்ததுமே மேலே இழுத்தது.

"தொரமாரு கவாத்து வேலைய நின்னு பாத்துப் பாத்தே வயசானவங்க. பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாங்க" என்றேன்.

"கண்டுபுடிச்சா என்னங்க? களவா எடுத்தீங்க?"

அவளுக்கு அது லேசு. அவளிடம் யாரும் எந்தக் காலேஜ் என்று கேட்டதில்லை.

போட்டிக்கு இருந்த இரண்டு வாரமும் மணிக்கட்டோடுதான் சண்டை. ஒரு மூங்கில் குச்சியை மட்டையோடு சேர்த்துப் பிடித்து, மேல்முனை இடது விலாவை ஒட்டி நீண்டிருக்கும்படி நின்றேன். மணிக்கட்டு சுண்டினால் குச்சி விலாவில் அடிக்கும். முதல் மூன்று நாள் விலா கன்றிப்போனது. உடம்பின் பாரம் இடது காலில், கைகள் பந்துக்கு முன்னே, அடி கீழ்நோக்கி. பந்தைத் தூக்குவது மட்டையின் சாய்ந்த முகத்தின் வேலை, என் வேலை இல்லை. புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கை கேட்கவேண்டுமே.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் குழிவரை நாங்களும் எதிர் ஜோடியும் சமமாக வந்தோம். பெரியதுரை அடித்த பந்து கிரீனுக்கு வெளியே நின்றது. அடுத்த அடி என்னுடையது. சிப். கிளப் வராந்தாவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுண்டாதே, சுண்டாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். பந்து தாழ எழும்பி, விழுந்து, உருண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பெரியதுரை தட்டி உள்ளே விட்டார். எதிர் ஜோடிக்கு ஒரு அடி கூடிப்போனது. வென்றுவிட்டோம்.

எதிர் ஜோடியில் ஆடிய துரை நேராக வந்து என் கையைப் பிடித்தார். அருமையான கை என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டு, எந்தக் காலேஜ் என்று கேட்டார்.

அந்த நிமிடம் எனக்குப் பயமே இல்லை. பூனாகலை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன்.

அதற்குள் பெரியதுரையின் கை என் தோளில் விழுந்தது. "கண்டிப் பையன், கண்டிக் காலேஜில் படித்தவன்" என்றார், சிரித்துக்கொண்டு, கொஞ்சம் அவசரமாக. தோளில் அவர் விரல்கள் அழுந்தின. இத்தனை நாளும் இந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி கேட்ட துரை என்னைப் பார்த்தார். நான் "யெஸ் சேர்" என்றேன்.