தொட்டிலில் ஊதிய சங்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தை என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கூடுதல் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். நடந்த அளவு முட்டாள்தனமே எனக்குப் போதும் என்பதால் நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு தமிழ் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை என்னைப் பிடித்துக்கொண்டது. எழுத்துக் கூட்டிப் படித்து, படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தேன். சாமான் விற்கும் கடைக்குப் போக மட்டும் கூச்சம். "ரெசிஸ்டர் கால் வாட்டா, அரை வாட்டா?" என்று கடைக்காரர் கேட்டால், யாரையோ தேடி வந்ததுபோல அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால் ரேடியோ ரிப்பேர் கடையில் கழித்துப் போட்ட சர்க்யூட் பலகைகளை எடைக்கு வாங்கி, அதிலிருந்து பிடுங்கிக்கொள்வேன்.

பிடுங்கியதையெல்லாம் என் மனைவி சீராகக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தேன். அவளுடைய சேலைகள் கொடிக்குப் போய்விட்டன.

இருட்டினால் தானாக எரியும் விளக்கு ஒன்று செய்தேன். அது எரியும், தன் வெளிச்சத்தையே பார்த்து விடிந்துவிட்டதென்று அணையும், அணைந்ததும் இருட்டைப் பார்த்து மறுபடி எரியும். கண் வலிக்கிறது என்று மனைவி அதன் மேல் முறத்தைக் கவிழ்த்தாள். அப்புறம் ஒரு காலிங் பெல். எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் சாத்துவதே இல்லை.

வளைகாப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "அஞ்சாம் மாசம் பிள்ளையத் தூக்கிட்டு வருவேன். அதுக்குள்ள உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டுங்க, பெட்டி உங்களுக்கு. இல்லைன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு வாங்க. பிள்ளை துணி வைக்க எனக்குப் பெட்டி வேணும்."

பெண் குழந்தை பிறந்தது. நாலாவது மாதம் பத்திரிகையில் எனக்கென்றே போட்டதுபோல ஒரு படம் வந்தது. தொட்டில் துணிக்கு அடியில் இரண்டு கம்பி. பிள்ளை நனைத்தால் குருவிபோல் கத்தும். ஒரு வாரத்தில் செய்து சோப்பு டப்பாவுக்குள் அடக்கினேன். வீட்டில் ஈர விரலை வைத்துப் பார்த்தபோது குருவியின் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பேட்டரி பழசு, புதுசு போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய ரேடியோவின் பெரிய ஸ்பீக்கரையும் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் தொட்டிலில் மாட்டினேன். மாமா பட்டாளத்தில் இருந்து வந்தவர். சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பாயில் கண்ணயர்ந்தேன்.

பிள்ளை நனைத்தது. டப்பா கத்தியது. குருவி இல்லை, அச்சு அசலாக எங்கள் மில் சங்கு.

மாமா எழுந்து விறைப்பாக நின்றார். நான் ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பதினோரு வருஷப் பழக்கம். டிபன் கேரியரைத் தேடினேன் என்று மனைவி சேர்த்துச் சொல்வது பொய்.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏட்டி, நம்ம தெருவுக்கு எப்ப மில்லு வந்துச்சு?" என்றாள்.

பிள்ளை மட்டும் அசையவில்லை. "வயித்துல இருக்கையிலயே மூணு ஷிப்டு சங்கும் கேட்டவ, இதுக்கா முழிப்பா?" என்று மனைவி கம்பியைப் பிடுங்கினாள். பிறகு டப்பாவைத் திறந்து, நான் கொண்டுபோன பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் எட்டாவது படித்தவள்.

"இதுல இருபத்தேழுன்னு போட்டிருக்கு. சிவப்பும் ஊதாவும். நீங்க மஞ்சளும் ஊதாவும் வச்சிருக்கீய."

"மஞ்சள்னா இருபதுதான?"

"அது மில்லுல."

எங்கள் மில்லில் நூல் சுற்றும் பாபினுக்கு வர்ணம் அடித்திருப்பார்கள். மஞ்சள் இருபதாம் நம்பர் நூல், சிவப்பு நாற்பது. ரெசிஸ்டர் மேல் நம்பருக்குப் பதில் வர்ணக் கோடுகள்தான் இருக்கும், அதில் சிவப்புதான் இரண்டு, மஞ்சள் நான்கு, ஊதா ஏழு. படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தான். கை மட்டும் மில்லிலேயே நின்றுவிட்டது.

"பெட்டியக் காலி பண்ணிருங்க" என்றாள், கோபம்கூட இல்லாமல். அதுதான் வலித்தது.

நான் கம்பியைச் சுருட்டும்போது மாமா, "செத்த நேரம் இருங்க மாப்பிள" என்றார். "இது தண்ணி பட்டா ஊதும், அம்புட்டுத்தான?"

"ஆமா மாமா."

அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் முறைவைத்துக் காவல் இருப்பார்கள். மாமா குழாயடியில் ஒரு குடத்தை வைத்து, கம்பியை உள்ளே தொங்கவிட்டு, டப்பாவைத் திண்டில் கட்டினார். சாயங்காலம் சங்கு ஊதியது. தெருவே குடத்தோடு வந்தது. எதிர்வீட்டு அக்கா என் மனைவியிடம், "உன் வீட்டுக்காரரு பேசமாட்டாருன்னுதான நெனச்சேன். எம்புட்டுச் சத்தம்" என்றாள். அன்று மனைவி பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். தப்பாகச் செய்தது உறுத்தியது. அடுத்த ஞாயிறு போய் மஞ்சளைக் கழற்றிவிட்டுச் சரியான சிவப்பை வைத்தேன். அருமையான குருவி. குருவி எங்கே என்று நானே ஓட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு பிள்ளையையும் மனைவியையும் கூப்பிடப் போனேன். வாசலில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அந்த வாரம் இரண்டு தடவை தண்ணீர் வந்து போயிருக்கிறது. ஓட்டுக்குருவி என்று நினைத்து ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மனைவி பையும் பிள்ளையுமாகத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். "பெட்டிய வச்சுக்கோங்க. ஆனா பழையபடி தப்பா செஞ்சு குடுத்தாத்தான் நான் பஸ் ஏறுவேன்."

கழற்றிய மஞ்சள் ரெசிஸ்டர் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஈயம் பற்றவைக்கும் கோல் கொண்டுபோகவில்லை. அடுப்பில் ஆணியைக் காய்ச்சி, தெருப் பெண்கள் சுற்றி நின்று பார்க்க, தலை நிமிராமல் தப்பைத் திரும்ப வைத்தேன். சங்கை ஊதவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டார்கள்.

பிள்ளை துணி அட்டைப்பெட்டிக்குப் போனது. டிரங்குப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பலகையாக வைத்துத்தான் இதை எழுதினேன்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.