கொள்ளிடத்துப் பாறையில் ஒரு கோலம்

நாற்பத்தாறு வயதில் நான் ஆராய்ச்சி மாணவன். என் வழிகாட்டிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. திட்டும்போதுகூட "சார்" போட்டுத்தான் திட்டுகிறார். நீர்நாய்கள் வாழும் ஆற்றங்கரைகளைக் காப்பாற்றுவது பற்றி ஆராய்ச்சி. இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களிடம், வீட்டில் சும்மா இருக்க விடுவதில்லை என்பேன். நிஜக் காரணம் ஒரு பாட்டில் பினாயில்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்லூரியில் விலங்கியல் முடித்திருந்தாள். தினமும் விடிந்ததும் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கொள்ளிடக் கரைக்குப் போவாள். அங்கே நாணலுக்கு நடுவே ஒரு பாறை. நீர்நாய்கள் அதன் மேல்தான் வெளிக்குப் போகும். மீன்செதில் மின்னும் அந்த எச்சத்தை எண்ணி நோட்டில் எழுதுவாள்.

"எத்தனை இருக்கு, எங்க தங்குது, எல்லாம் இதுலயே தெரியும்டா."

மேலே படிக்க வேண்டும் என்றாள். "புரொபசர் வந்து பாக்கட்டும். அவர் சரின்னா படி. இல்லேன்னா கல்யாணம்" என்றார் அப்பா. புரொபசர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

விருந்தாளி வந்தால் வாசலைக் கழுவிக் கோலம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வளவு பெரிய மனிதருக்கு அத்தை கக்கூஸையா காட்டுவாள்? எனக்கு மானம் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் பாறையைத் தேய்த்துக் கழுவி, பினாயில் ஊற்றி, கோணல்மாணலாக ஒரு கோலமும் போட்டேன்.

மறுநாள் புரொபசர் பாறையைச் சுற்றி வந்தார்.

"கோலம் நல்லாருக்கும்மா. நீர்நாய் எங்க?"

அத்தை கோலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, அப்பாவின் இடுப்பிலிருந்த பெல்ட்டைப் பார்த்தாள்.

"யாரோ கழுவிட்டாங்க சார்."

"யாரு?" என்றார் அப்பா.

"தெரியலண்ணா."

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் புரொபசர் போனார். அந்த நாற்றத்துக்கு நீர்நாய்கள் திரும்பவில்லை. புரொபசருக்கு முந்தி, துறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அத்தையின் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

போன வருடம் ஆராய்ச்சியில் சேர்ந்ததும் துறையூருக்குப் போன் செய்தேன்.

"பாறைய அழுக்காவே விடு, என்ன?" என்றாள் அத்தை.

புரொபசர் வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை, கரையிலிருந்து திரும்பும்போது அப்பா முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் வந்தோம். அத்தை என் உள்ளங்கையை எடுத்து முகர்ந்தாள்.

"எவ்வளவுடா ஊத்தின?"

"முழு பாட்டில் அத்தை!"

வீடு வரும்வரை அவள் என் கையை விடவேயில்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள். சந்தோஷத்தில்தான் என்று நினைத்து, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.