எந்த மருந்து?

பிள்ளைகளே, எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் புல்லு மருந்தும் மருந்துதான். தேயிலைக்கு நடுவே முளைக்கும் களையைக் கருக்குகிற விஷம் அது. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லைச் சாகடிப்பதும் மருந்து. எங்களுக்குள் இதில் குழப்பம் வந்ததே இல்லை. மலையில் நின்று சொன்னால் ஒன்று, டிஸ்பென்சரி வாசலில் நின்று சொன்னால் இன்னொன்று. உங்கள் அம்மாவின் கண் போனபோது ஒருவன் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதே சொல்லை வைத்துத்தான் அவனை நான் வெளியே இழுத்தேன். வயதில் மூத்தவர்களை ‘அவன்’ என்று எழுதக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவன் நான். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் எனக்கு அதில் விலக்குத் தாருங்கள்.

புசல்லாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துத் தேயிலையை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வாங்குகிறது. அவர்கள் விற்கிற தேயிலைப் பெட்டியில் இலை போட்ட முத்திரை ஒன்று இருக்கும். வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறோம், தண்ணீரையும் மண்ணையும் கெடுப்பதில்லை என்று அதற்குப் பொருள். முத்திரை நிலைக்க வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து இடைக்கிடை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அவர்களைச் சமாளிப்பதற்கென்றே தோட்டத்தில் அவனை வைத்திருந்தார்கள். நாங்கள் அவனை ‘முத்திரை ஐயா’ என்போம்.

அவனுடைய அறையில் கண்ணாடி, கையுறை, மாஸ்க், நீளச் சப்பாத்து எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. ஆட்கள் வருகிற நாளில் அவை வெளியே வரும். அவர்களுடைய வேன் வளைவு திரும்பியதும் உள்ளே போகும். ஓடைக்கரையில் ‘இங்கே கான் கழுவ வேண்டாம்’ என்று பலகை நடுவான். மறுநாள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். முதுகில் சுமந்து மருந்தடிக்கிற கான்களை மறுபடி அங்கேதான் கழுவுவோம். கீழே நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குக் குடிதண்ணீரும் அந்த ஓடைதான்.

ஆண்கள் பலர் கண்டிக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டதால் மருந்தடிக்கிற கேங்கில் பெண்களையும் போட்டார்கள். உங்கள் அம்மாவும் கானைத் தூக்கினாள். அந்தக் காலத்தில் ஒரு நாள் கொழும்பு அதிகாரி வந்தார். அவர் சிங்களவர். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி கூட வந்திருந்தாள். அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கு மருந்து எல்லாம் ஒழுங்காத் தருகினமோ?”

முதுகில் கானோடு நிற்கிறவளிடம் மருந்து என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

“தாராங்கம்மா. கொறையில்லாம தாராங்க.”

அந்தப் பிள்ளை டிஸ்பென்சரியை நினைத்துக் கேட்டாள், அம்மா புல்லை நினைத்துச் சொன்னாள். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். யார் எந்த மருந்தை நினைத்தார்கள் என்று முத்திரை ஐயாவுக்கு மட்டும் தெரியும். பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

அதற்குப் பிறகு காற்று அதிகமாக இருந்த ஒரு காலை அம்மா அவனிடம் போய், “ஐயா, கண்ணாடி ஒண்ணு குடுங்களேன், மூஞ்சியில அடிக்குது” என்று கேட்டாள்.

“எதுக்கு, சினிமாவுல நடிக்கப் போறியா?” என்றான்.

அன்றைக்கே குழாய் முனை அடைத்துக்கொண்டது. குனிந்து பார்த்தபோது அடைப்பு பட்டென்று விட்டு, மருந்து இடது கண்ணில் பாய்ந்தது. கூட இருந்தவர்கள் ஓடைத் தண்ணீரால் கழுவிவிட்டார்கள். எந்த ஓடை என்று சொல்லத் தேவையில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். வழி முழுவதும் அவள் என் சட்டையைக் கடித்துக்கொண்டே வந்தாள். வலது கண்ணை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

வேலையில் போன கண் என்று தோட்டம் ஒத்துக்கொண்டால் வைத்தியத்தை அவர்கள் பார்க்க வேண்டும், அவளுக்கு லேசான வேலை தர வேண்டும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய் இதைக் கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி அவன் பதில் சொன்னான்.

“உன் பொஞ்சாதிதானே மிஸ்கிட்ட சொன்னா, மருந்தெல்லாம் கொறையில்லாம தாராங்கன்னு? இப்ப வந்து அழுதா? வீட்டுல மொளகாத்தூளு பட்டிருக்கும், போய் நல்லா வெசாரி.”

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் மன்னித்துவிட்டேன், பயத்தில் சிரித்தார்கள். அவனை மன்னிக்கவில்லை. அன்றைக்கே, கவ்வாத்து வெட்டுகிற வேலையை விட்டு, நானாகக் கேட்டு மருந்து கேங்குக்குப் போனேன். “பொஞ்சாதி பட்டது போதாதா ஒனக்கு?” என்று எல்லோரும் ஏசினார்கள். அடுத்த முறை ஆட்கள் வரும்போது அவர்கள் முன்னால் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எத்தனை நாளும் அந்த நாற்றத்தைக் குடிக்கலாம் என்று இருந்தேன்.

அந்த நாள் வந்தது. முத்திரை ஐயா பெட்டிகளைப் பிரித்துக் கண்ணாடிகளைக் கொடுத்தான். புதுக் கண்ணாடி, மேலே நீலப் பொலித்தீன் ஒட்டியிருந்தது.

“பொலித்தீன உரிச்சிடாதீங்க. கீறல் விழுந்தா திரும்பப் பெட்டியில போட ஏலாது. ஆளுங்க கிட்ட வந்ததும் உரிச்சிட்டு மாட்டுங்க, போனதும் ஒட்டிக் குடுங்க. மருந்து தாராங்களான்னு கேட்டா தாராங்கன்னு சொல்லுங்க. வேற வாயத் தொறக்காதீங்க.”

அவன் கீழே வேனை எதிர்கொள்ளப் போனதும் நான் கேங்கிடம் சொன்னேன்.

“ஐயா பேச்ச அப்படியே கேப்போம். உரிக்கவே வேணாம்.”

என் மச்சான், அதுதான் உங்கள் மாமா, உடனே புரிந்துகொண்டார். “அப்ப மாப்ள, நானும் இன்னிக்கு சினிமாவுல நடிக்கிறேன்” என்றார்.

அதிகாரியும் அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மலையேறி வந்தபோது நாங்கள் எல்லோரும் நீலக் கண்ணாடியோடு தடவித் தடவி மருந்தடித்துக்கொண்டிருந்தோம். மாமா நேரே போய் நிழல் மரத்தில் முட்டினார். இரண்டு அடி பின்வாங்கி, மரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, “சலாங்க தொர, தெரியாம இடிச்சிட்டேன்” என்றார். பெண்கள் மாஸ்க்குக்குள்ளேயே குலுங்கினார்கள்.

அதிகாரி ஏதோ கேட்டார். அந்தப் பிள்ளை, “ஏன் இதை உரிக்கேல்லை?” என்றாள்.

“உரிக்க வேணாம்னு ஐயாதான் சொன்னாரு மிஸ். பின்னேரம் திரும்பப் பெட்டியில வைக்கணுமாம்.”

முத்திரை ஐயா முந்திக்கொண்டு வந்தான். “வெளாடுறாங்க மிஸ், படிக்காத சனங்க.”

அந்தப் பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. போன முறை கேட்டதையே எங்களிடம் கேட்டாள்.

“மருந்து ஒழுங்காத் தருகினமோ?”

“எந்த மருந்து மிஸ்? புல்லு சாகிற மருந்தா, மனுசன் பொழைக்கிற மருந்தா?” என்றேன்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டாள். அவளும், “எந்த மருந்து மிஸ்?” என்றாள். அடுத்தவரும் அதையேதான் கேட்டார். அந்தப் பிள்ளையின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“போன தடவ என் பொஞ்சாதி சொன்னது புல்லு மருந்து மிஸ். அது கொறையில்லாமத்தான் வந்திச்சு. அதுலதான் அவ கண்ணு போச்சு.”

அவள் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை நான் முத்திரை ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அப்படி ஒரு ருசியை எந்தச் சாப்பாட்டிலும் நான் கண்டதில்லை, பிள்ளைகளே. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் காயத்துக்குத் தோட்டம் பொறுப்பு எடுக்கும்வரை தேயிலை வாங்க மாட்டோம் என்று கம்பனி சொல்லிவிட்டது. தோட்டத்தை நடத்துகிற துரை அவனைக் கூப்பிட்டு, நீயே போய்ச் சரிக்கட்டு என்றாராம். பின்னேரம் பிஸ்கட் பெட்டியோடு லயத்துக்கு வந்தான். கதிரையை எடுத்து அம்மாவுக்கு இடது பக்கமாகப் போட்டேன்.

“தங்கச்சி, ஏதோ பேச்சு மாறிப்போச்சு. வெளங்காம சொன்னதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

“யாரோ பேசுற மாரி கேக்குது. ஆளத் தெரியலயே.”

“நான்தான் தங்கச்சி.”

“அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுங்க. பெரட்டுக் களத்துல நின்னு பேசுங்க, தெரியுதான்னு பாக்கிறேன். கண்ணு எங்க போச்சுன்னு அங்க வச்சுத்தானே சொன்னீங்க.”

பிஸ்கட் பெட்டியை நானே அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதது எங்கள் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் துரையும் இருந்தார். உங்கள் அம்மா எல்லோருக்கும் பின்னால் நின்றாள். முத்திரை ஐயா தொண்டையைச் செருமி, தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொம்பளையோட கண்ணு வேலையில போனதுதான். கண்ணாடி கேட்டா, நான் குடுக்கல” என்றான்.

“கேக்கலீங்க ஐயா” என்றாள் அம்மா.

அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது. தேயிலை மலைக்கு அப்பால் போகிற பஸ்ஸுக்கும் கேட்டிருக்கும். மறுபடியும் கேட்கவில்லை என்று சொன்னது நான்.