ஜெபராணியின் பிரசங்கக் காப்பி

காதை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் ஜெபராணி காப்பி போடுவார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆலயம், இந்தப் பக்கம் சபையின் அடுப்படி. பிரசங்கத்தில் போதகர் "முதலாவது" என்றதும் பித்தளை ஃபில்டரில் கொதிநீர் இறங்கும். "இரண்டாவது" என்றால் பால் போசி அடுப்பில் ஏறும். "மூன்றாவது" என்றால் சர்க்கரை. ஆராதனை முடிந்து போத்தனூர்ச் சனம் வேப்பமரத்தடிக்கு வரும்போது காப்பி நுரையோடு தயாராக இருக்கும்.

காப்பியின் ருசி எதில் இருக்கிறது என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கொட்டையா, சிறுவாணித் தண்ணீரா, கறந்த பாலா என்று நாம் அடுக்கினால், ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "அதெல்லாம் செரிதானுங்க. ஆனா ருசி பிரசங்கத்துல இருக்குதுங்க" என்பார். யோபு பட்ட பாட்டைப் பற்றிய பிரசங்கம் என்றால் சர்க்கரை ஒரு கை கூடுதல். "கேட்டவங்க வாயெல்லாம் கசந்து கெடக்குமுங்க." கானாவூர்க் கலியாணம் என்றால் சிக்கரியே கிடையாது. "தண்ணியத் திராட்சரசமாக்குன அன்னைக்குப் போயிக் கலப்படம் பண்ணலாமுங்களா?" காணிக்கையைப் பற்றிப் பேசுகிற வாரம் டிகாஷன் நல்ல கெட்டி. சனம் சோர்ந்து போயிருக்குமாம்.

பழைய போதகர் இருந்தவரை இந்தச் சாஸ்திரம் பழுதில்லாமல் ஓடியது. மனுஷர் செத்தாலும் நாலாவது தலைப்புக்குப் போகமாட்டார். சித்திரையில் மாற்றலாகி வந்தார் போதகர் ஜெப்ரி. தங்கமான மனிதர், ஆனால் அவர் பிரசங்கத்தில் தலைப்பே கிடையாது. "கடைசியாக" என்பார். ஜெபராணி அடுப்பைப் பற்றவைப்பார். பால் பொங்கும் நேரத்தில் போதகர் மோசேயோடு செங்கடலைத் தாண்டிக்கொண்டிருப்பார். சரியென்று அணைத்தால், "கடைசியாக ஒரு வார்த்தை." மறுபடி பற்றவைக்க வேண்டும். பால் கொதித்து, ஆறி, ஆடை கட்டி, அடிப்பிடித்து, காப்பி என்ற பேரில் ஏதோ ஒரு கஷாயம் வரும்.

நேரிலேயே கேட்டுப் பார்த்தார். "ஏனுங்க ஐயா, இன்னைக்கு எத்தன நேரம் பேசுவீங்க?"

"ஆவியானவர் நடத்துறபடிம்மா."

"செரிங்க. அவருகிட்டக் கேட்டுப்போட்டு எனக்கு ஒரு வார்த்த முன்கூட்டியே சொல்லிப்போடுங்க."

போதகர் சிரித்துவிட்டுப் போனார். சபைப் பொருளாளர் சத்தியசீலன் சிரிக்கவில்லை. பம்ப் பட்டறை முதலாளி. உலகத்தில் எந்தக் கோளாறும் ஒரு மோட்டார் வைத்தால் தீரும் என்று நம்புகிறவர். ஆராதனை முடிந்து வாங்கிய தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, "அடுத்த வாரமும் இதே தீஞ்ச வாசம் வந்துச்சுன்னா மிசின் வாங்கிப் போட்டர்லாமுங்கக்கா. பட்டன அமுத்துனாக் காப்பி" என்றார்.

மற்ற பெண்களுக்குப் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி என்று சபையில் ஏதோ ஓர் இடம் உண்டு. ஜெபராணிக்கு இந்த அடுப்படிதான் இடம். அதையும் பிடுங்கினால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் நிற்பது? "மிசினுக்குக் காது இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு தீர்மானத்தோடு வந்தார். மூன்றாவது "கடைசியாக" காதில் விழாமல் அடுப்பைத் தொடுவதில்லை. அன்றைக்கென்று பார்த்துப் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கடைசியாக" என்றார். ஜெபராணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்த மூச்சில் "ஆமென்" என்றார் போதகர். போசியில் பால் பச்சையாகக் கிடந்தது.

"கர்த்தர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்றவங்க யாராச்சும் இருந்தா வரலாம். இல்லைன்னா ஆசீர்வாதம் கூறி முடிச்சுக்கலாம்" என்றார் போதகர். வாராவாரம் கேட்கிற கேள்விதான், யாரும் எழுந்து வந்ததில்லை. ஜெபராணி அடுப்பைப் பற்றவைத்து முழுசாகத் திருகிவிட்டு, முந்தானையை இழுத்து முக்காடிட்டு, பக்கக் கதவு வழியாக வந்து மைக் முன்னால் நின்றார். ஆயுசில் மைக்கில் பேசியதில்லை. சத்தியசீலன்தான் ஓடிவந்து மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

"காங்கேயத்துல பஸ் ஏறுனனுங்க" என்று ஆரம்பித்தார். கதவு வழியே போசி தெரிந்தது. ஆவியைக் காணோம். "அவிநாசிபாளையம் வந்துச்சுங்க. கர்த்தர் காத்தாருங்க. பொங்கலூர் வந்துச்சுங்க. அங்கயும் காத்தாருங்க." பல்லடத்தில் டிரைவரை டீ குடிக்க இறக்கிவிட்டார். எந்த வருஷத்துப் பயணம், அதில் என்ன ஆபத்து என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூலூரில் ஒருவழியாகப் போசி மேல் ஆவி தெரிந்தது. "ஊடு வந்து சேந்தனுங்க. ஸ்தோத்திரம்" என்று முடித்துத் திரும்பினார்.

திரும்ப விட்டால்தானே! போதகர் உருகிப்போயிருந்தார். ஜெபராணியின் தலைமேல் கையை வைத்து, கண்ணை மூடி, அந்தக் கட்டிய தொண்டையோடு ஜெபிக்கத் தொடங்கினார். சபை மொத்தமும் கண்ணை மூடியது. காங்கேயத்துக்காக ஜெபித்தார். சாலைகளுக்காக, ஓட்டுநர்களுக்காக, அவர்கள் குடும்பங்களுக்காக ஜெபித்தார். ஜெபராணி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

முழங்காலை மெல்ல மடக்கித் தலையைக் கீழே உருவிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சத்தியசீலனைச் சட்டைக் காலரோடு இழுத்தார். திடுக்கிட்டுக் கண் விழித்தவரிடம் "ஜெபமுங்க, கண்ண மூடுங்க" என்று காதோரம் சொல்லி, அவருடைய வழுக்கையைப் போதகரின் உள்ளங்கைக்கு அடியில் பக்குவமாகப் பொருத்திவிட்டு, அடுப்படிக்கு ஓடினார்.